அம்மாவின் ஆதார் விவரம் கசிந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை நண்பர்களே, ஓர் உதவி. எங்கள் தெருமுனையில் உள்ள ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அம்மாவின் விவரங்கள் கசிந்துவிட்டன. ஆதார் எண் முதல் சர்க்கரை அளவு வரை எவனோ ஒருவன் தொலைபேசியில் ஒப்பிக்கிறான். அந்தச் சர்க்கரை அளவு எனக்கே நினைவில்லை!

ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டேன். வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று. பணம் இன்னும் போகவில்லை. போனால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும் என்பது தெரியும். என் கேள்வி வேறு. நம் விவரங்களைப் பாதுகாக்கத் தவறிய நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்கிற தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவில் இழப்பீடு கேட்டு, அதை விசாரிக்கும் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் மனு கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வக்கீல் இல்லாமல் முடியுமா? பணமே போகாதபோது எதை இழப்பு என்று காட்டுவது? நிலையத்துக்காரர் "எங்கள் மேல் தவறில்லை" என்று வாயால் சொல்கிறார். எழுதிக் கேட்டால் நழுவுகிறார்.