முஸ்லிம் குடும்பக் கதையைச் சின்ன பட்ஜெட்டில் படமெடுத்தவர்கள், உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஸ்கார்பரோ கேமராக்காரன்:

டொராண்டோவில் குடியேறிய கீழக்கரைக் குடும்பம் பற்றிய படம். பட்ஜெட் என்று ஒன்றும் கிடையாது, டைரக்டரின் கிரெடிட் கார்டுதான். ஸ்கிரிப்டில் ஒரு வரி: வாப்பா ஜன்னலைப் பார்த்து மஃரிப் (அந்தித் தொழுகை) தொழுகிறார், சாயும் சூரியன் அவர் முகத்தில் விழுகிறது. இந்த ஒரு ஷாட்டுக்காகவே மேற்கு ஜன்னல் உள்ள வீடாகத் தேடிப் பிடித்தோம்.

வாப்பாவாக நடித்தவர் நடிகர் இல்லை. டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். வந்தார், யாரும் சொல்லாமலே கை கால் முகம் கழுவி ஒளு செய்தார், ஜன்னலை நோக்கி நாங்கள் போட்டிருந்த விரிப்பைக் குனிந்து எடுத்து அலமாரிப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். எழுதியவர் ஊர் நினைப்பில் எழுதியிருக்கிறார். கீழக்கரையில் கிப்லா, அதாவது தொழும்போது நோக்க வேண்டிய மக்காவின் திசை, மேற்கே; மஃரிபுக்கு நின்றால் சூரியன் எதிரே. டொராண்டோவில் கிப்லா வடகிழக்கு. சூரியன் இடது தோளுக்குப் பின்னால் போய்விடும்.

வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. "மாமா, சும்மா கேமராவுக்குத்தானே" என்று டைரக்டர் கெஞ்சுகிறார். பெரியவர் கோபப்படவில்லை. "நிக்கிறது நடிப்பு, கை கட்டுறது நடிப்பு, சரி. நெத்தி தரையில படுதே தம்பி, அதையும் நடிப்புன்னு சொல்லச் சொல்றியா?"

அலமாரியைப் பார்த்தே எடுத்தோம். முகம் முழுக்க நிழல். ஒரு காதும் தாடி ஓரமும் மட்டும் ஆரஞ்சு. படம் பார்த்தவர்கள் அந்த ஷாட்டைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு இன்னும் அது கைநழுவிப் போன ஷாட்.

ஈஸ்ட்ஹாம் எடிட்டர்:

பெரியவரை ரொம்பத்தான் தூக்கி வைக்கிறீர்கள். நிய்யத் (தொழுகிறேன் என்ற மன எண்ணம்) இல்லாவிட்டால் அது தொழுகையே இல்லை. அவர் நடித்தார் என்றால் எந்தப் பக்கம் நின்றால் என்ன? நிஜமாகவே தொழுதார் என்றால் இரண்டாவது டேக் எப்படிப் போனீர்கள்? அப்புறம், வட அமெரிக்காவில் தென்கிழக்குதான் கிப்லா என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். தட்டையான வரைபடத்தில் மக்கா அந்தப் பக்கம்தான் தெரியும். உருண்டையில் குறுக்கு வழி பார்த்தால்தான் வடகிழக்கு.

என் கதை லண்டனில். 2016இல் நோன்பு ஜூனில் வந்தது. விடியல் தொழுகையான பஜ்ரு மூன்று மணிக்கு முன்னாலேயே, மஃரிப் இரவு ஒன்பது இருபது வாக்கில். நோன்பு திறக்கும் காட்சியைப் பகலில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி எடுப்பதாகத் திட்டம். நடிப்பது நிஜக் குடும்பம், எல்லோருக்கும் நோன்பு, யார் வடையைக் கடிப்பது? நிஜ மஃரிபுக்கே கேமராவைப் போட்டார்கள்.

எடிட்டில் பார்க்கிறேன். பாங்குக்கு முன்னால், கிளாப் அடிப்பதற்கும் முன்னால், ஃபிரேம் ஓரத்தில் கடைக்குட்டிப் பையன் மேசைக்குக் கீழே தலையை விட்டு எதையோ மெல்கிறான். அவன் உம்மா அவனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கை மட்டும் மெதுவாக நகர்ந்து இன்னொரு வடையை அவன் பக்கம் தள்ளுகிறது. நாலு விநாடி இருக்கும். மொத்தப் படத்திலும் அதுதான் படம்.

ரஃப் கட்டில் பார்த்துவிட்டு அந்த அம்மா வெட்டச் சொன்னார். "பள்ளியில எல்லாரும் பாப்பாங்க. புள்ளைக்கு வெக்கமாப் போயிரும்." வெட்டினேன். ஹார்ட் டிஸ்க்கில் இன்னும் கிடக்கிறது.

ஸ்கார்பரோ கேமராக்காரன்:

இரண்டாவது டேக்கே எடுக்கவில்லை. அவர் சலாம் கொடுக்கிற வரைக்கும் யாரும் கட் சொல்லவில்லை. மூன்று ரக்அத்தும், அதாவது முழுத் தொழுகையும், இருக்கிறது.

பூம் பிடிக்கிறவன்:

யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம், லண்டனுக்கு வந்தவர்கள். எங்கள் வீடும் யாழ்ப்பாணம், ஆனால் நாங்கள் இந்துக்கள். இதை ஏன் சொல்கிறேன் என்று கீழே புரியும்.

1990 அக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியதைத் தாய் மகளுக்குச் சொல்கிற காட்சி. இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னது, சோதனை போட்டு நகையைக் கழற்றியது, புத்தளம் முகாம், எல்லாமே வசனமாக எழுதியிருந்தது, ஒரு பக்கம் முழுக்க. தாயாக நடித்த மாமி அதையெல்லாம் நேரில் பட்டவர். வாசித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். "இதை நான் என்ர பிள்ளையளுக்கே சொல்லேல்ல. இவளுக்கு ஏன் சொல்லோணும்?"

டைரக்டர் வாயடைத்துப் போனார். நான்தான் பூம் மைக்கைத் தூக்கிப் பிடித்தபடி, தேவையில்லாமல், "ஏன் மாமி சொல்லேல்ல?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கட வீட்டில உமக்குச் சொன்னவையோ?"

எங்கள் வீட்டில் சொன்னதில்லை. அப்பா அம்மா இரண்டு பேரும் அந்த வருசம் யாழ்ப்பாணத்தில்தான் இருந்தார்கள்.

காட்சியில் அவர் வெங்காயம் உரிக்கிறார், மகள் கேட்கிறாள், அவர் அடுப்பைக் குறைக்கச் சொல்கிறார். அவ்வளவுதான் படத்தில் இருக்கிறது.

புரொடக்‌ஷன் காக்கா:

எல்லாம் சரி. எத்தனை பேர் ரிலீஸ் ஃபார்மில் (படத்தில் வரச் சம்மதம் தரும் தாள்) கையெழுத்து வாங்கினீர்கள்? எடிட்டர் தம்பி, கையெழுத்து இருந்திருந்தால் அந்த நாலு விநாடியைச் சட்டப்படி வைத்திருக்கலாம். முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாளே வாங்குங்கள். சின்னப் பிள்ளை என்றால் பெற்றோரிடம். வீட்டைக் கொடுத்தவரிடம் தனியாக லொகேஷன் ஒப்பந்தம். பள்ளிவாசலில் எடுப்பதாக இருந்தால் இமாம் தலையாட்டினால் போதாது, நிர்வாகக் கமிட்டியின் கடிதம் வேண்டும். ஜும்ஆ அன்று போய்க் கேட்காதீர்கள். பெண்கள் பகுதிக்குள் கேமராவும் சவுண்டும் பெண்களாக இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

முக்காட்டுக்குள் லேப்பல் மைக் (உடையில் குத்தும் குட்டி மைக்) வைத்தால் துணி உரசுகிற சத்தம்தான் கேட்கும். பட்டு, ஜார்ஜெட் வேண்டாம், பருத்தியாக எடுத்து மைக்கைச் சுற்றி ஒட்டுங்கள். மைக்கை அந்த அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், கண்ணாடி முன்னால் ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும்.

பாட்டு! எங்கள் படத்தில் உம்மா சமைக்கும்போது அடுப்படியில் நாகூர் ஹனிபா ஓடிக்கொண்டிருந்தார். பாட்டை எழுதி இசையமைத்தவர்கள் பக்கம் ஓர் அனுமதி, ஒலிப்பதிவு யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம் இன்னொன்று. பழைய கேசட் கம்பெனியின் உரிமை இப்போது யார் கையில் என்று தேடியே ஓய்ந்துபோனோம். கடைசியில் குக்கர் விசில் போட்டு மூடினோம். அதுதான் என் அனுபவம். படம் விற்கிற நேரத்தில் வாங்குகிறவர் இந்தக் காகிதம் அத்தனையும் கேட்பார், காப்பீட்டுக்காரரும் கேட்பார். கனடாக்காரர்கள் முதல் படம் என்றால் படங்களுக்கு நிதி தரும் அரசு நிறுவனமான டெலிஃபிலிமின் புதுமுகத் திட்டத்தைப் பாருங்கள், கிரெடிட் கார்டை உள்ளே வையுங்கள்.

சார்செல்காரி:

காக்கா, இங்கே யாரும் ஆலோசனை கேட்கவில்லை. அந்த அம்மா மகனுக்கு வெட்கம் என்று சொன்ன பிறகு கையெழுத்தைக் காட்டி வைத்திருந்தால், அந்த ஜமாஅத்தில் அடுத்த படத்துக்கு யார் கதவைத் திறப்பார்கள்?

எங்களுடையது காரைக்கால் குடும்பம், பாரிஸ் புறநகர். பிரெஞ்சுக் குடியுரிமையோடு வந்தவர்களின் மூன்றாம் தலைமுறை. முக்காட்டுக்காகப் பள்ளிக்கூடத்தில் சண்டை (அங்கே 2004இலிருந்து சட்டமே இருக்கிறது), வாப்பாவின் கடன், ஊரில் பாட்டியின் மௌத்து (மரணம்). திரைப்பட விழாவில் நல்ல பெயர் வாங்கியது. அப்புறம் நம் ஆட்களுக்கு ஒரு மண்டபத்தில் போட்டோம். கேள்வி நேரத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா மட்டும் மைக் இல்லாமலே கேட்டார்: "அந்த வீட்டுல ஏம்மா ஒருத்தர்கூட சிரிக்கல?"

மண்டபமே சிரித்தது. நான் பதில் என்று ஏதோ சொன்னேன், கட்டமைப்பு, ஒடுக்குமுறை என்றெல்லாம். அவர் தலையை ஆட்டிவிட்டு சமோசா எடுக்கப் போய்விட்டார். எடிட்டர், உங்கள் வடையைப் படித்ததும் அவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஈஸ்ட்ஹாம் எடிட்டர்:

பையன் வளர்ந்துவிட்டான், இப்போது யூனிவர்சிட்டியில். அவனிடமே கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உம்மாவுக்குத் தெரியாமல் இல்லை, உம்மாவையும் வைத்துக்கொண்டுதான்.

புரொடக்‌ஷன் காக்கா:

கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். கேமராக்காரருக்கு ஒன்று: அடுத்த தடவை லொகேஷன் பார்க்கப் போகும்போது கிப்லாவையும் பார்த்துவிடுங்கள். போன் திசைகாட்டியை இரும்புக் கம்பி போட்ட பால்கனியில் வைத்துப் பார்க்காதீர்கள், தப்பாகக் காட்டும்.