எக்ஸ்பல்ஸுக்கு ஃப்ளெக்ஸ் ஹேண்டில்பார் வேணுமா?

*குழு: நம்ம வீட்டாளுங்க 🏍️🍲*

*கார்த்தி:* சித்தப்பா, என் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக்குக்கு ஃபாஸ்ட் கம்பெனியோட ஃப்ளெக்ஸ் பார் போடலாம்னு பார்க்கிறேன். காட்டுப் பாதையில கைக்கு நல்லா இருக்கும்கிறாங்க. வாங்கலாமுங்களா?

*தினேஷ் அண்ணா:* வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லு. விரல் மரத்துப்போகுதா, இல்ல மணிக்கட்டும் முன்கையும் வலிக்குதா?

*கார்த்தி:* ரெண்டும்தாண்ணா. ரோட்டுல 80ல போனா விரல் மரத்துப்போகுது. கல்லு ரோட்டுல மணிக்கட்டு வலி.

*தினேஷ் அண்ணா:* அப்ப ரெண்டு வியாதி, ரெண்டு மருந்து. மரத்துப்போறது இன்ஜினோட நடுக்கம். அதுக்கு மருந்து பார் நுனியில இருக்கிற கனமான இரும்புக் கட்டி. அதைக் கழட்டிட்டு வெறும் அலுமினிய பார் போட்டா நடுக்கம் கூடவும் வாய்ப்பிருக்கு. ஃப்ளெக்ஸ் பார் முக்கியமா கல்லு, குழி அடிக்கிற அடிக்கு.

*முருகேசு சித்தப்பா:* அதோட அமைப்பு என்னன்னு முதல்ல புரிஞ்சுக்கோ. பாரை நடுவுல பிடிச்சுக்கிற கிளாம்புக்கு வெளியே ரெண்டு பக்கமும் ஒரு கீல் இருக்கும். கை பிடிக்கிற பகுதி அந்தக் கீல்ல மேலயும் கீழயும் மட்டும் அசையும். அசைவை எலாஸ்டோமர்ங்கிற ரப்பர் மாதிரி துண்டு தாங்கிக்கும். முன்னும் பின்னும் அசையாது, அதனாலதான் திருப்பறப்போ கொழகொழன்னு இருக்காது. எடைக்குத் தகுந்த மாதிரி கெட்டி, மெத்து துண்டு மாத்திக்கலாம். ரெண்டு பக்கமும் ஒரே கெட்டியில இருக்கணும். வெயில்ல துண்டு இளகும், குளிர்ல இறுகும்.

*சரோஜா அத்தை:* விலை என்னடா?

*கார்த்தி:* அமெரிக்காவுலயே 350 டாலருக்கு மேல அத்தை. வரி, கூரியர் தனி.

*சரோஜா அத்தை:* ஒரு கம்பிக்கா! 😳

*தினேஷ் அண்ணா:* அத்தை கேட்கிறது நியாயம். அதனால அதைக் கடைசியா வை. முதல்ல டயர் காத்து. காட்டுப் பாதைக்கு முன் சக்கரம் 18-20 பிஎஸ்ஐ. உன் வண்டி ஸ்போக் சக்கரம், உள்ள டியூப் இருக்கு. அதுக்குக் கீழ இறக்கினா கல்லுல ரிம்மு டியூபைக் கடிச்சு ரெண்டு ஓட்டை போட்டுரும். தார் ரோடு வந்ததும் மறுபடி ஏத்திரு.

*முருகேசு சித்தப்பா:* அடுத்தது ஃபோர்க், அதான் முன் சஸ்பென்ஷன். ஸ்டாண்டர்ட் எக்ஸ்பல்ஸ்ல முன் டிராவல், அதாவது ஃபோர்க் அமுங்கற தூரம், 190 மி.மீ. கெய்ட்டர் ரப்பரைத் தூக்கிவிட்டு, ஃபோர்க் கம்பியில ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டு) கட்டி, டஸ்ட் சீல்ங்கிற தூசித் தடுப்பு ரப்பர் வரைக்கும் தள்ளி வை. நீ நின்னுட்டு உன் வழக்கமான பாதையில ஒரு சுத்து ஓட்டு. ஜிப் டை எங்க போய் நிக்குதுன்னு பாரு. பாதி டிராவல்கூடப் போகாம நின்னுட்டா ஃபோர்க் கெட்டியா இருக்கு, இல்ல ஆயில் அளவு கூட இருக்கு. அந்த அடி எல்லாம் நேரா உன் கைக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவையும் கடைசி வரை போய் முட்டினா மெத்து. ஃபோர்க் சரியில்லாம ஃப்ளெக்ஸ் பார் போடறது ஒழுகுற கூரைக்குக் கீழ பாய் மாத்திப் போடற கதை.

*நந்தினி அக்கா:* பிசியோவா ஒண்ணு சேர்த்துச் சொல்லட்டுமா? முன்கை கல்லு மாதிரி இறுகிப்போறது பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கிறதால. ரத்தம் ஏறித் தசை வீங்கும், சுத்தி இருக்கிற உறை அந்தளவு விரியாது, அழுத்தம் கூடிப் பிடி தளர்ந்துரும். கால் முட்டியால டேங்க்கைப் பிடி, கையை இறுக்காதே. கிளட்ச், பிரேக் லீவர் நீ நின்னு ஓட்டறப்போ முன்கையோட நேர்கோட்டுல இருக்கணும். பெரும்பாலும் கடையில வந்ததைவிடக் கீழ திருப்பணும். மணிக்கட்டு மேல மடங்கிய நிலையில எந்த பார் போட்டும் வலி தீராது.

*கார்த்தி:* ஓக்கே. இதெல்லாம் சரி பண்ணின பிறகும் வலிச்சா?

*தினேஷ் அண்ணா:* அப்ப மூணு வழி. மலிவு: அலுமினிய ஃபேட் பார். கிளாம்புல 28.6 மி.மீ., கைப்பிடில 22.2 மி.மீ.க்கு ஒடுங்கும், நடுவுல குறுக்குக் கம்பி கிடையாது. அதனால குறுக்குக் கம்பி போட்ட 22 மி.மீ. பாரைவிட வளைஞ்சு கொடுக்கும். நடு வழி: கிளாம்புக்கு அடியிலேயே எலாஸ்டோமர் வச்ச மவுண்ட், எக்ஸ்ட்ரிக் பிஹெச்டிஎஸ் மாதிரி. ஆனா அது ஃபோர்க்கைப் பிடிச்சுக்கிற டிரிப்பிள் கிளாம்ப்ல இருக்கிற ஓட்டைக்கு ஒத்துப்போகணும், எல்லா வண்டிக்கும் கிடையாது. மூணாவது நீ கேட்ட ஃப்ளெக்ஸ் பார்.

*கார்த்தி:* ஃபேட் பார் நேரா உக்காருமா?

*தினேஷ் அண்ணா:* உன் வண்டியில ஸ்டாக் கிளாம்ப் 22 மி.மீ. 28.6க்கு மாத்தற ரைசர், அதான் பாரைத் தூக்கிப் பிடிக்கிற மவுண்ட், வேணும். வாங்கும் முன்னாடி வெர்னியர் அளவுகோல் வச்சு அளந்துக்கோ.

*முருகேசு சித்தப்பா:* ரைசர் போட்டா இது கட்டாயம்: ஹேண்டிலை ரெண்டு கோடி வரை திருப்பிப் பாரு. கிளட்ச் கேபிள், திராட்டில் கேபிள், பிரேக் ஹோஸ் மூணும் இழுபடக்கூடாது. நியூட்ரல்ல இன்ஜினை ஐடில்ல விட்டுட்டு இடம், வலம் திருப்பு. சத்தம் கூடுச்சுன்னா திராட்டில் கேபிள் இழுபடுது. அதோட ரோட்டுக்கு எடுத்துட்டுப் போயிராதே.

*கார்த்தி:* ஸ்விட்ச் பெட்டிக்குள்ள ஒரு முளை இருக்கே, பார்ல ஓட்டை போட்டுக்கலாமா?

*முருகேசு சித்தப்பா:* வேண்டவே வேண்டாம்! அலுமினிய பார்ல ஓட்டை போட்டா விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். முளையை அரம் வச்சுத் தேய்ச்சுரு, ஸ்விட்ச் பெட்டி இறுக்கத்துலயே நிக்கும். கீழ விழுந்து வளைஞ்ச அலுமினிய பாரை நிமித்தவும் கூடாது. மாத்திரணும்.

*தினேஷ் அண்ணா:* கிளாம்ப் போல்ட் எம்8 ஆயிருந்தா பொதுவா 20-25 நியூட்டன் மீட்டர், ஆனா உன் மேனுவல்ல போட்டிருக்கிறதுதான் கடைசி பேச்சு. கிளாம்ப் மூடியில புள்ளி குத்தியிருந்தா அது முன்பக்கம், முன்னாடி போல்ட்டை முதல்ல முடுக்கு. இல்லாட்டி நாலையும் மாத்தி மாத்தி, ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி வர்ற மாதிரி. லீவரைப் பார்ல பிடிச்சுக்கிற பெர்ச்சுக்கு அடியில டெஃப்ளான் டேப் ஒரு சுத்து விட்டு அளவா முடுக்கினா, விழறப்போ லீவர் ஒடியாம சுத்திக்கும்.

*நந்தினி அக்கா:* ஹேண்ட்கார்டு, அதான் கைக்கு முன்னாடி இருக்கிற தடுப்பு, இருக்கே அவனுக்கு?

*தினேஷ் அண்ணா:* நல்ல நேரத்துல கேட்ட. ஃப்ளெக்ஸ் பார் வாங்கறவங்க இதைத்தான் கோட்டை விடறாங்க. ஒரு முனை பார் நுனியிலயும் மறு முனை கீலுக்கு உள்பக்கமும் மாட்டற முழு அலுமினிய ஹேண்ட்கார்டு போட்டா, அது கீலுக்குக் குறுக்கே பாலம் கட்டின மாதிரி. பார் அசையவே அசையாது, காசு தண்டம். ரெண்டு முனையும் கீலுக்கு வெளியே வரணும், இல்ல அதுக்குன்னே வர்ற மவுண்ட் வாங்கணும்.

*முருகேசு சித்தப்பா:* பராமரிப்பும் இருக்கு. பிரஷர் தண்ணியைக் கீல் மேல நேரா அடிக்காதே. அப்பப்போ நுனியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டு. அந்தத் திசையில ஆட்டம் தெரிஞ்சா கீலுக்குள்ள இருக்கிற புஷ் தேஞ்சிருச்சு. எலாஸ்டோமர் தட்டையாயிருந்தாலோ வெடிச்சிருந்தாலோ மாத்து.

*கார்த்தி:* அப்ப இந்த வாரம் காத்து, லீவர், ஜிப் டை. பார் அப்புறம்.

*தினேஷ் அண்ணா:* அதேதான். ஜிப் டை நின்ன இடத்தை அளந்து மி.மீ.ல இங்க போடு. வெர்னியர் என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்கோ.

*சரோஜா அத்தை:* வர்றப்போ ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வா.