புதுப்பிப்பு: தம்பியின் சான்றிதழும் அம்மாவும்

தம்பிக்கு மனச்சிதைவு நோய், எழுபதைத் தாண்டிய அம்மாதான் பார்த்துக்கொள்கிறார், மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா என்று முன்பு கேட்டிருந்தேனே, கிடைத்துவிட்டது.

நோயால் எவ்வளவு முடியாமல் போயிருக்கிறது என்பதை மனநல மருத்துவர் ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலை வைத்துப் பார்க்கிறார். தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, கூடவே எத்தனை வருட நோய் என்பதும் கணக்கில் வரும், அதனால் பழைய மருந்துச் சீட்டு எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குறைபாடு 40 சதவீதமாவது என்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு உதவும். கொடுமை என்னவென்றால், அன்றைக்குப் பார்த்து அவன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து "எனக்கு ஒண்ணுமில்ல சார்" என்று அழகாகப் பேசுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து அவனால் என்னவெல்லாம் முடியாது என்று அம்மா அவன் காதுபடவே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை.

தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் ஆகலாம் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். அந்த 1999 சட்டத்தில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு மட்டும்தான், மனநோய் வராது. ஆனால் 2017 மனநலச் சட்டப்படி நியமனப் பிரதிநிதியை, அதாவது சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணையாக இருப்பவரை, அவனே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரலாம். என் பெயரை எழுதினான், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான்.

அப்புறம், 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் (அரசின் இலவச மனநல உதவி எண்) பராமரிப்பவர்களும் பேசலாம். அம்மாவைப் பேசச் சொன்னேன், "எனக்கென்னடா" என்கிறார். அவருக்குத் தூக்கம் போய்ப் பல வருடமாகிறது. அடுத்த வாரம் அவருக்குத்தான் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.