தம்பியை ரெகுலர் காலேஜில் சேர்ப்பதா, அஞ்சல் வழியில் போட்டுவிட்டு வேலைக்கு அனுப்புவதா?

நெல்லிக்குப்பம் தையல்கடை:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி பிளஸ் டூ காமர்ஸ் முடித்திருக்கிறான், மார்க் நன்றாகவே வந்திருக்கிறது, கணக்குப் பதிவியலில் தெருப் பிள்ளைகள் எல்லாம் அவனிடம்தான் சந்தேகம் கேட்பார்கள். இப்போது பாண்டியில் ஒரு கம்பெனியில் பில் போடுகிற வேலையை மாமா பேசி வைத்திருக்கிறார், மாதம் 13,000 ரூபாய். வேலைக்குப் போய்க்கொண்டே பி.காம். அஞ்சல் வழியில் எழுதிவிடட்டும், கடைசியில் கைக்கு வரப்போவது பட்டம்தானே என்கிறார். அப்பா முதுகு வலியால் கரும்பு வெட்டப் போவதை விட்டு ரொம்ப நாளாகிறது, வீடு என் தையல் மெஷினில் ஓடுகிறது. அதனால் 13,000 என்பதைச் சட்டென்று தள்ளிவிடவும் முடியவில்லை.

நான் பத்தாவதோடு நின்றவள். எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன். மூன்று வருஷம் தினமும் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, வீட்டிலேயே புத்தகம் படித்துப் பரீட்சை எழுதுகிற பிள்ளைக்குக் கிடைக்காத எது கிடைக்கிறது? அனுபவம், வாழ்க்கைப் பாடம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம், இன்னது என்று காட்டுங்கள். மாமாவிடம் பேச எனக்கு ஏதாவது வேண்டும்.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:

அக்கா, மாமா சொல்வதில் பாதி சரி. நான் அஞ்சல் வழியில் படித்தவன்தான், கடலூர் சிப்காட்டில் வேலை, குடும்பம் நடக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைதூர வழியில் வாங்கிய பட்டமும் நேரில் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம் என்று யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2022-லேயே சொல்லிவிட்டது. ஆனால் சேருவதற்கு முன்னால் அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அந்த வருஷம் அனுமதி உண்டா என்று யூ.ஜி.சி. தளத்தில் பார்த்துவிடுங்கள், பணம் கட்டிய பிறகு பார்த்துப் பிரயோஜனமில்லை.

மற்றபடி காலேஜ் என்றாலே ஏதோ கோயில் மாதிரி பேசுகிறவர்களை நம்ப வேண்டாம். என்னோடு பள்ளியில் படித்தவர்கள் பாதிப் பேர் ரெகுலரில் சேர்ந்து, திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நின்றதுதான் மிச்சம், இன்னும் அரியர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்குப்படி 47 சதவீதம், நாடு முழுக்க 28 சொச்சம்தான். அதாவது இங்கே தெருவுக்கு நாலு பட்டதாரி இருக்கிறான், வெறும் பட்டத்தைக் காட்டி யாரையும் அசத்த முடியாது. கையில் சம்பளமும் மூன்று வருஷ அனுபவமும் இருந்தால் அது கொஞ்சம் பேசும்.

கௌரவ விரிவுரையாளர், கடலூர்:

மேலே சிப்காட் தம்பி எழுதியதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை, பட்டத்துக்காக மட்டும் என்றால் அஞ்சல் வழி போதும். ஆனால் அக்கா கேட்டது பட்டத்தைப் பற்றி இல்லையே. நான் காமர்ஸ் எடுக்கிறவன், அதனால் என் வகுப்பில் நடந்ததையே சொல்கிறேன்.

அடக்கவிலைக் கணக்கியலில் மாணவர்களை ஏதாவது ஒரு உள்ளூர்த் தொழிலை எடுத்து அதற்குச் செலவு அட்டவணை போட்டு வரச் சொல்வேன். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் அவன் சித்தப்பாவின் படகை எடுத்துக்கொண்டான். டீசல், ஐஸ், வலைப் பழுது, கடலுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டுச் சாமான், ஏலக்காரர் கமிஷன் என்று அழகாகப் போட்டுவிட்டு, படகில் போகிறவர்களுக்குக் கொடுப்பதைக் கூலி என்று ஒரு வரியில் எழுதியிருந்தான். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் எழுந்து கேட்டாள், மீன் படாத அன்றைக்கு அவர்களுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று. ஒன்றும் கிடையாது, வந்ததில் செலவு போக மீதியைத்தான் பங்கு பிரிப்போம் என்றான். அப்படியானால் அது கூலியா, லாபத்தில் பங்கா? கூலி என்றால் செலவுப் பக்கம் போகும், பங்கு என்றால் லாபம் கண்ட பிறகுதான் வரும், இரண்டுக்கும் அட்டவணையே வேறு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், படகு கரையில் கிடக்கிறது, தேய்மானத்தை, அதாவது படகு பழசாகி மதிப்புக் குறைவதை, செலவில் போடுவதா வேண்டாமா என்று இன்னொருவன் கிளப்பினான். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பையன் மறுவாரம் சித்தப்பாவிடம் கேட்டு, அட்டவணையை முழுக்க மாற்றி எழுதிக்கொண்டு வந்தான்.

பாடப்புத்தகத்தில் நிலைச் செலவு, மாறும் செலவு இரண்டுக்கும் விளக்கம் இருக்கிறது, மனப்பாடம் செய்து எழுதினால் முழு மார்க்கும் வரும். ஆனால் நாம் எழுதியதைப் பார்த்து "இது இடிக்குதே" என்று சொல்ல எதிரே ஆள் இருக்க வேண்டும், அதற்கு நாம் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், பதில் தெரியவில்லை என்றால் வீட்டுக்குப் போய்த் தேட வேண்டும். படிப்பு விஷயத்தில் ரெகுலர் காலேஜ் கொடுப்பது எனக்குத் தெரிந்து இதுதான். செமினார், அசைன்மென்ட், இன்டர்னல் மார்க் என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்வதெல்லாம் நியாயமாக நடந்தால் இதற்காகத்தான். நடக்காத துறைகளும் உண்டு, நோட்ஸ் சொல்லி எழுத வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். சேருவதற்கு முன்னால் அந்தத் துறையில் இரண்டாம் வருஷம் படிக்கிற இரண்டு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இன்னொன்று. தம்பிக்குக் கணக்கில் பிடிப்பு இருக்கிறது என்கிறீர்கள். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் சி.ஏ. (ஆடிட்டர்) படிப்பில் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் போக வழி இருக்கிறது. இது எந்த வழியில் படித்தவருக்கும் பொருந்தும், ஆனால் இப்படி ஒரு பாதை இருக்கிறது என்று சொல்ல யாராவது பக்கத்தில் இருக்க வேண்டுமே. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இதை முதலில் சொன்னது சீனியர்கள்தான், நாங்கள்கூட இல்லை.

நெல்லிக்குப்பம் தையல்கடை:

சார், படகுக் கணக்கைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். "அது பங்குதான், கூலி இல்லை" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் என்னிடம் வாதாடினான், எனக்கு ஒரு பிளவுஸ் கை தப்பாகப் போயிற்று. படிப்பு சரி, புரிகிறது. ஆள் எப்படி மாறுவான் என்று சொல்லுங்கள். அவன் கடைக்குப் போனால் மீதிச் சில்லறை கேட்கக்கூடக் கூச்சப்படுகிற ஜாதி.

லாஸ்பேட்டை லதாங்கி:

அக்கா, நானும் அந்த ஜாதிதான். பாண்டியில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியில் படித்தேன். முதல் வருஷம் வருகைப் பதிவில் "பிரசன்ட் மேம்" சொல்வதற்கே எனக்குத் தொண்டை அடைக்கும்.

என்ன மாறியது என்றால் முதலில் ஆட்கள். அதுவரைக்கும் எனக்குத் தெரிந்தது எங்கள் தெரு, எங்கள் சொந்தக்காரர்கள், எங்கள் பள்ளி. காலேஜில் பெஞ்சில் ஒரு பக்கம் காரைக்கால் பெண், இன்னொரு பக்கம் மாஹேயிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த பெண். புதுச்சேரி என்றால் நாலு துண்டு என்று புத்தகத்தில் படித்தது வேறு, மலையாளத்தில் தூக்கத்தில் பேசுகிற தோழியின் ஊருக்குப் போய் அவள் அம்மா கையால் சாப்பிட்டது வேறு. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் பழகுவது, யாராவது கேட்டாலும் அதற்குச் சுருங்கிப் போகாமல் இருப்பது, இரண்டும் எனக்கு அங்கேதான் வந்தது. எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் என்.எஸ்.எஸ்., அதாவது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை, ஒரு ஏழு நாள் முகாம். முகாமில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். எனக்குக் கொடுத்த வேலை வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்புவது. முதல் வீட்டில் ஒரு பாட்டி, "உனக்கு எதுக்குடி எங்க வீட்டு கக்கூஸ் கணக்கு?" என்று விரட்டியே விட்டார். நாலாவது வீட்டுக்கு வருவதற்குள் எப்படி ஆரம்பிப்பது, எதை முதலில் கேட்பது, எப்போது பேசாமல் திண்ணையில் உட்கார வேண்டும் என்று பிடிபட்டுவிட்டது. முகாம் கடைசி நாள் அந்தப் பாட்டியே கூப்பிட்டு மோர் கொடுத்தார், ஆனால் கணக்கு மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கு வேலையில் முன்பின் தெரியாதவரிடம் நான் பேச ஆரம்பிப்பது அந்தத் திண்ணையில் பழகியதுதான்.

இன்னொரு இடமும் சொல்ல வேண்டும், ரோமன் ரோலண்ட் நூலகம். 1827-இல் ஆரம்பித்தது, பிள்ளைகள் பலர் பாண்டியிலேயே பிறந்து அதன் உள்ளே போனதில்லை. என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனது எங்கள் தமிழ் மேடம். மதியம் வகுப்பு இல்லாத நேரத்தில் யாரும் எதுவும் கேட்காத ஒரு மேசையில் உட்கார்ந்து, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாததைப் படிக்கலாம் என்பது எனக்குப் புதுசு. வீட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அரிசி களையச் சொல்வார்கள், பையனாக இருந்தால் கடைக்கு அனுப்புவார்கள். மூன்று வருஷம் "படிக்கிற பிள்ளை" என்று வீடு நம்மை விட்டுவைப்பதே பெரிய சலுகை. பெண்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு, அந்த மூன்று வருஷம் கல்யாணப் பேச்சு கொஞ்சம் அடங்கும். தம்பிக்கு அந்தக் கவலை இல்லை, இருந்தாலும் எழுதி வைக்கிறேன், படிக்கிற வேறு அக்காக்களுக்கு.

சிப்காட் நைட் ஷிஃப்ட்:

லதாங்கி அக்கா சொல்கிற ஆட்கள் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். என் கம்பெனியில் வேறு இடம் காலியானால் ரெகுலரில் படித்தவனுக்கு அவன் கிளாஸ்மேட் போன் போட்டுச் சொல்கிறான், எனக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய பிறகுதான் தெரிகிறது. ஆனால் இதெல்லாம் மூன்று வேளை சோறு இருக்கிற வீட்டுப் பேச்சு. மாதம் 13,000 வராமல் போனால் அந்த அக்கா என்ன செய்வார், அதைச் சொல்லுங்கள் முதலில்.

மஞ்சக்குப்பம் மாலைநேரம்:

பணக்கணக்குக்கு நான் வருகிறேன். தம்பி ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா, அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியா? இரண்டில் எதுவானாலும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கே வரும், 2024 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண், அது 2022 செப்டம்பரில் வந்தது. அஞ்சல் வழியில் சேர்ந்தால் இது கிடையாது, ரெகுலராகப் படிக்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் தனியாரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, பஸ் பாஸ் இருக்கிறது. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் எட்டிப் பிடிக்கிற தூரம். பாண்டி அரசுக் கல்லூரிகளை யோசிக்க வேண்டாம், அங்கே சேர்க்கை சென்டாக் என்கிற புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு வழியாக, இடங்கள் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களுக்கு.

ஆயிரம் ரூபாய் 13,000-க்கு ஈடாகாது, தெரியும். ஆனால் இரண்டு ஷிஃப்ட் நடக்கிற கல்லூரி என்றால் அரை நாள் கையில் மிச்சமிருக்கும். என் அக்கா மகன் அப்படித்தான், காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஜி.எஸ்.டி. பில் பதிவு. சம்பளம் பாதிதான், ஆனால் பாடத்தில் வருகிற வேலையே. வருகை 75 சதவீதம் கேட்பார்கள் என்பதை மட்டும் மனசில் வையுங்கள், இரண்டு குதிரை ஓட்டுகிற பிள்ளைகள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

நெல்லிக்குப்பம் தையல்கடை:

அரசுப் பள்ளிதான், ஆறிலிருந்து. ஆயிரம் ரூபாய் விஷயம் மாமாவுக்குத் தெரியாது, எனக்கும் இன்றைக்குத்தான் தெரியும். அரை நாள் வேலை என்றால் மாமா இறங்கி வருவார் என்று நினைக்கிறேன், அவருக்கு அந்தக் கம்பெனிக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டோமே என்பதுதான் உறுத்தல். நாளைக்குத் தம்பியைக் கடலூர் பெரியார் அரசுக் கலைக் கல்லூரிப் பக்கம் அனுப்பி, சார் சொன்ன மாதிரி இரண்டாம் வருஷப் பிள்ளைகளிடம் பேசச் சொல்கிறேன். அவனாகப் போய்ப் பேசுவானா என்பதுதான் சந்தேகம்.

கௌரவ விரிவுரையாளர், கடலூர்:

கேன்டீன் பக்கம் போகச் சொல்லுங்கள், அங்கே கேட்காமலே சொல்வார்கள். விண்ணப்பம் ஆன்லைனில்தான், கடைசித் தேதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.