வீட்டுச் சுவரில் பழைய குதிரை ஓவியப் பிரிண்ட்: உங்கள் அனுபவம் என்ன?

ஈஸ்ட்ஹாம்வாசி
ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் வரைந்த விசில்ஜாக்கெட் என்ற பந்தயக் குதிரையின் பிரிண்ட், டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். லண்டன் நேஷனல் கேலரியில் அசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம், பின்னணியே கிடையாது. குதிரை தரையில் நிற்கிறது என்பதற்கு ஸ்டப்ஸ் வைத்த ஒரே அடையாளம் பின்னங்குளம்புகளுக்குக் கீழே விழும் சின்ன நிழல். பிரேம் கடைக்காரர் ரெடிமேட் பிரேமுக்குள் அடக்குவதற்காக படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையைக் கீழ்ப்பக்கம் ஏற்றி வைத்து அந்த நிழலை மூடிவிட்டார். குளம்பு நுனியும் போச்சு. கேட்டால், "கீழே ஒண்ணும் இல்லையே சார், வெறும் கலர்தானே" என்கிறார். குதிரை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. எனக்கு டிவி போட்டாலே கண் அங்கேதான் போகிறது.

மூணாவது மாடி
குளம்பாவது மறைந்துதான் போனது. எங்கள் ஹாலில் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ குதிரைப் பந்தயத்தை வரைந்த எப்சம் டெர்பி, 1821, அசல் பாரிஸ் லூவர் மியூசியத்தில் இருக்கிறதே அதுதான். மாமனார் சின்ன வயதில் ஜட்கா ஓட்டியவர். செருப்பைக் கழற்றக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே கேட்டார்: "மாப்ள, இது ஓடுதா, வழுக்கி விழுதா?" நாலு குதிரையும் முன்னங்கால் முன்னே, பின்னங்கால் பின்னே நீட்டிப் பறக்கின்றன. அவர் கேட்டது நியாயம்தான். 1878-இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை எடுத்த படங்களைப் பாருங்கள், நாலு காலும் தரையை விட்டு எழும் நேரத்தில் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும். ஸ்டப்ஸ் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார், செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்து 1766-இல் உடற்கூறு புத்தகமே போட்டவர்.

பழுப்புப்புள்ளி
செய்திருக்கிறார். அவர் வரைந்த பேரனெட் என்ற பந்தயக் குதிரையைப் பாருங்கள், அதே நீட்டல்தான். கேமரா வரும்வரை யார் கண்ணுக்கும் அது பிடிபடவில்லை.

தேரிக்காடு
என்னிடம் இருப்பது ஆங்கில ஓவியர் ஹெர்ரிங் வரைந்த "பார்வோனின் குதிரைகள்". மூன்று வெள்ளைத் தலைகள், விரிந்த மூக்கு, பறக்கும் பிடரி. ஊட்டியில் பழைய பங்களா சாமான் ஏலத்தில் எடுத்தது. வீட்டில் ஏழு குதிரைப் படம் கேட்டார்கள், வெள்ளைக் குதிரைதானே என்று இதை மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு டீச்சர் அக்கா, சர்ச்சுக்குத் தவறாமல் போகிறவர், காபி டம்ளரோடு படத்துக்குக் கிட்டே போய்ப் பெயரைப் படித்தார். "தம்பி, இதுக எல்லாம் செங்கடல்ல முங்கிப் போச்சே, யாத்திராகமம் 14." அப்புறம் காபியைக் குடித்தார். படம் இப்போது மாடி ரூமில்.

பழுப்புப்புள்ளி
மாடி ரூமில் வெளிச்சுவராக இருந்தால் உடனே இறக்குங்கள். ஈரச்சுவரில் மாட்டிய பழைய அச்சில்தான் என் பெயரில் உள்ள புள்ளி முதலில் வரும். பிரேமைப் பிரித்துப் பின்னால் பாருங்கள். பிளைவுட் இருந்தால் எடுத்துவிட்டு ஆசிட் இல்லாத அட்டை போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் காகிதம் பழுப்பேறும். செல்லோடேப் கூடவே கூடாது, கோதுமைப் பசையும் மெல்லிய ஜப்பான் காகிதமும் போதும். கண்ணாடி படத்தைத் தொடவே கூடாது, மவுண்ட் வைப்பதே அந்த இடைவெளிக்குத்தான். நேர் வெயில் படும் சுவர் என்றால் வண்ணம் போய்விடும். ஈஸ்ட்ஹாம்வாசிக்கும் இதேதான்: மவுண்டை மட்டும் மாற்றி வெட்டினால் போதும், ஆனால் படத்தின் அடிப்பகுதியைக் கத்தரித்துவிட்டார்களா, மடித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்வாசி
கத்தரித்துவிட்டார்கள்.