பனிச்சுமை இறங்கியபின் உயரும் நிலம்: ‘நிலநிமிர்வு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தடித்த பனியின் எடையில் அமிழ்ந்த நிலம், பனி உருகியபின் மெல்ல உயர்வதை ஆங்கிலத்தில் போஸ்ட்-கிளேசியல் ரீபௌண்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல்லாக இந்தக் குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

> ‘பனியுகப் பின்துள்ளல்’ எனலாம். ரீபௌண்டின் நேர்ப்பொருள் அப்படியே வந்துவிடுகிறது.

நேர்ப்பொருள் வருகிறது, நிகழ்வுதான் வரவில்லை. துள்ளல் நொடியில் முடிவது. பின்லாந்தின் வாசா நகரை ஒட்டிய குவார்க்கன் தீவுக்கூட்டத்தில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 8 மில்லிமீட்டர்தான் உயர்கிறது. ஸ்காண்டிநேவியாவை அழுத்திக் கிடந்த பனிப்படலம் சில இடங்களில் 3 கிலோமீட்டர் தடிமன் இருந்தது. அது உருகிப்போய் ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் ஆகின்றன, உயர்வு இன்னும் நின்றபாடில்லை. பூமியின் மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் (மேன்டில்) என்ற அடுக்குதான் காரணம். அது திடப்பாறைதான், ஆனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விடாமல் அழுத்தினால் மெல்ல நகர்ந்து கொடுக்கும். பனியின் எடை தாங்காமல் பக்கவாட்டில் பிதுங்கிப்போன கவசப்பொருள் இப்போது திரும்பி வருகிறது. அது வந்து சேரும் வேகத்தில்தான் மேலே உள்ள நிலமும் எழ முடியும். இந்த மந்தகதி சொல்லில் தெரிய வேண்டாமா?

> ‘கடல் விலகல்’ எளிமையாக இருக்கிறதே. கரையில் நிற்பவருக்குத் தெரிவது அதுதானே?

தெரிவது அதுதான், மறுக்கவில்லை. வெப்பமானியால் நமக்கெல்லாம் பெயர் பழகிய ஆண்டர்ஸ் செல்சியஸும் அப்படித்தான் நினைத்தார். 1731-இல் சுவீடனின் யெவ்லெ நகருக்கு அருகே ஒரு தீவில், கரைப்பாறையில் நீர்மட்டத்தைக் கோடாகச் செதுக்கிவைத்தார். கடல்நீர் குறைந்துகொண்டே வருகிறது என்பது அவர் முடிவு. அந்தக் கோடு இன்று நீர்மட்டத்துக்கு வெகு மேலே நிற்கிறது. பனியின் எடையில் நிலம் அமிழ்ந்தது, எடை போனதும் எழுகிறது என்ற விளக்கத்தை ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் 1865-இல்தான் முன்வைத்தார். நகர்வது எது என்று கண்டுபிடிக்கவே அவ்வளவு காலம் பிடித்த இடத்தில், பழைய தவற்றையே கலைச்சொல்லாக்கி மாணவர் கையில் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

அடுத்து, ‘பனியுகம்’ என்ற அடை. அதுவும் வேண்டாம் என்பேன். அலாஸ்காவின் கிளேசியர் பே விரிகுடா 1794-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது ஏறக்குறைய முழுக்கப் பனியால் அடைபட்டிருந்தது. அதன்பின் பனியாறு 100 கிலோமீட்டர் அளவுக்குப் பின்வாங்கிவிட்டது. அங்கே இப்போது நிலம் ஆண்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் உயர்கிறது, குவார்க்கனைவிட மூன்று மடங்குக்கும் மேல். அது பனியுகம் முடிந்ததன் விளைவு அல்ல, சில நூற்றாண்டுகளுக்குள் போன பனியின் விளைவு. ஆகவே சொல்லில் இருக்க வேண்டியது யுகம் அல்ல, சுமை.

என் பரிந்துரை ‘நிலநிமிர்வு’. காரணம் தெளிவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘பனிச்சுமை நீங்கிய நிலநிமிர்வு’. பாரம் சுமந்து குனிந்தவர் அதை இறக்கிவைத்து நிமிர்கிறார் என்று பேச்சிலேயே சொல்கிறோம். சுமை, வளைவு, மெதுவான மீட்சி மூன்றும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. ‘எழுச்சி’ போராட்ட வாடை அடிக்கிறது. ‘நில உயர்வு’ என்றால் மனை விலையா என்று கேட்பார்கள். அப்புறம், நிலத்தட்டுகள் மோதி மலை எழுவதற்கும் அதே சொல்லைத் தேட வேண்டிவரும்.

நிமிர்தல் நேராவதுதானே, உயர்வதாகுமா என்று ஐயா ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இங்கே நேராவதும் நடக்கிறது. பனி தடித்துக் கிடந்த நடுப்பகுதி அதிகமாக அமிழ்ந்தது, அதனால் அதிகமாக எழுகிறது, ஓரங்கள் குறைவாக. பின்லாந்தின் சைமா ஏரி இதற்குக் கண்கூடான சான்று. வடமேற்கு வேகமாக எழ எழ ஏரி தென்கிழக்காகச் சாய்ந்தது. தண்ணீர் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே போய், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் சல்பவுசெல்க்கா மேட்டை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வூக்சி ஆறு பிறந்தது அப்படித்தான். வெறும் ‘உயர்வு’ இந்தச் சாய்வைச் சொல்லாது.

குவார்க்கன் கரையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும், துணைச்சொற்கள் அங்கேதான் தேவைப்படுகின்றன. சிறு குடாவின் வாயில் முதலில் ஒரு திட்டு தலைகாட்டும். வாய் குறுகிய அந்தக் குடாவை அங்குள்ளோர் ‘ஃப்ளாடா’ என்கிறார்கள். திட்டு இன்னும் எழுந்ததும், நீர் ஏறும் நாட்களில் மட்டும் கடல் உள்ளே எட்டிப்பார்க்கும். அப்போது அது ‘க்ளோ’. பிறகு நன்னீர்க் குளம், நாணல், கடைசியில் சதுப்பு. இவற்றுக்கு ‘வாய்குறுங்குடா’, ‘வாய்மூடுகுளம்’ என்று வைத்துப் பார்த்தேன், இரண்டாவது பரவாயில்லை. கடலிலிருந்து வெளிவந்த நிலத்துக்குப் பின்லாந்தில் சட்டச்சொல்லே உண்டு, ‘நீர் விட்டுச்சென்றது’ என்று பொருள். அது கரைக்காரருக்குத் தானாகச் சேராது, பெரும்பாலும் அந்த நீர்ப்பரப்பைக் கூட்டாக வைத்திருப்பவர்களுக்கே உரியது. ‘நீர்விடுநிலம்’ அதற்குப் பொருந்தும்.

சொல் வாக்கியத்தில் உட்கார்கிறதா என்று பார்க்க இரண்டு மாதிரி:

“சுவீடனின் ஹோகா குஸ்டன் கரையில் பழைய கடற்கரைக்கோடு நிலநிமிர்வால் இன்று 286 மீட்டர் உயரத்தில் உள்ளது.”

“நிலநிமிர்வால் துறைமுகம் ஆழம் குறைந்ததால் லூலியோ நகரம் 1649-இல் கடலை நோக்கி இடம் மாற்றப்பட்டது.”

எனக்குத் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பனி அழுத்தியபோது அதன் விளிம்புக்கு வெளியே நிலம் புடைத்தது. அந்தப் புடைப்பு இப்போது இறங்குகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பகுதி தாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். ‘விளிம்புப் புடைப்பு’ என்பதோடு நிறுத்திவைத்திருக்கிறேன். இறங்குவதற்கு ‘புடைப்பிறக்கம்’ என்றால் வாயில் நுழைகிறதா? வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.