துக்க வீட்டில் பேசாமல் உட்கார்ந்த அந்தப் பத்து நிமிடம்: யூதர்களிடம் நீங்கள் கற்றது உண்டா?

எடிசன்வாசி

மூன்று வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. என் மேலாளர் ஆர்த்தடாக்ஸ் யூதர், மதச் சட்டங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர். அவருடைய அம்மா தவறிவிட்டார். ஷிவா என்றால் இங்கே பலருக்கும் தெரியும், அந்த ஏழு நாள் துக்கம். நியூ ஜெர்சியின் டீனெக்கில் அவர் வீடு. கதவு திறந்தே கிடந்தது. கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அவர் குட்டையான ஒரு நாற்காலியில், சட்டை மார்புப் பக்கம் கிழிந்திருக்க உட்கார்ந்திருந்தார்.

"எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்க வாயெடுத்தேன். கூட வந்த யூத நண்பர் என் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். துக்கத்தில் இருப்பவர் பேச்சைத் தொடங்கும்வரை வந்தவர் பேசக் கூடாதாம். பைபிளில், எல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அங்கிருந்து வந்த வழக்கம்.

பத்து நிமிடம் இருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவராகவே என்னைப் பார்த்து, "அம்மா சூப்பில் எப்போதும் உப்பு குறைவாகத்தான் போடுவார்" என்றார்.

என் அப்பா இறந்த அன்று ஒரே கேள்விக்கு நாற்பது தடவையாவது பதில் சொல்லியிருப்பேன். ஒருவராவது சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மரவேர்

அண்ணா, நம் முறையை அப்படிக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஒப்பாரியில் ஊரே சேர்ந்து அழுவதும் ஆறுதல்தான். என் பாட்டி போனபோது அந்தச் சத்தம்தான் என்னைத் தாங்கியது.

புரூக்ளினில் பக்கத்து வீட்டு ஷிவாவுக்கு நானும் போயிருக்கிறேன். அடக்கம் முடிந்து வந்ததும் அவர்கள் சாப்பிடும் முதல் உணவில் முட்டையும் மைசூர்ப் பருப்பும் இருந்தன. பருப்புக்கு வாய் இல்லை, துக்கப்படுபவருக்கும் வாய் இல்லை என்று அவர்களுடைய பழைய சட்ட நூலான தல்மூத் சொல்கிறதாம். அந்தப் பெரியவர் ஒரு பருப்பை விரலில் எடுத்துக் காட்டிச் சொன்னார்.

இனிமேல் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பூ கொண்டு போகாதீர்கள், அவர்களிடம் அந்த வழக்கம் இல்லை. வீட்டில் சமைத்ததும் வேண்டாம். கோஷர் (அவர்களுடைய உணவு விதிப்படி செய்தது) முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலமாக வாங்குங்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவுவரை போகக் கூடாது, சபாத் என்னும் அந்த ஓய்வு நாளில் வெளிப்படையாகத் துக்கம் காக்க மாட்டார்கள். எதிர்பாலரிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். வந்தவர்கள் கிளம்பும்போது, "சீயோனுக்காகவும் ஜெருசலேமுக்காகவும் துக்கப்படும் மற்றவர்களோடு சேர்த்து 'இடம்' உங்களையும் தேற்றட்டும்" என்பார்கள். 'இடம்' என்பது அவர்கள் கடவுளைக் குறிக்கும் பெயர்களில் ஒன்று. சொல்ல வராவிட்டால் தலையை அசைத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். நீண்ட நேரம் உட்காராதீர்கள்.

குளத்தங்கரை

இருவரும் இதை "வழக்கம்", "ஆறுதல்" என்கிறீர்கள். அவர்களுக்கு இது மதச் சட்டம். மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

லண்டனில் யூதர்கள் அதிகம் வாழும் கோல்டர்ஸ் கிரீனில் என் பர்ஸ் தொலைந்தது. மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: "பர்ஸ் கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்." அழைத்தேன். எடுத்துவைத்திருந்தவர் ஒரு யூதர். நிறம் சொன்னேன், போதாது என்றார். பணம் எவ்வளவு என்று சொன்னேன், இன்னும் ஏதாவது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடைசியில், "உள்ளே மடித்த காகிதத்தில் திருநீறு இருக்கும், வைத்தீஸ்வரன் கோயிலில் வாங்கியது" என்றேன். "எங்கே வந்து தரட்டும்?" என்று கேட்டார்.

அவர்களுடைய வேதத்தில் உபாகமம் 22-ஆம் அதிகாரம், தொலைந்ததைக் கண்டால் காணாதவன்போல் போகக் கூடாது என்கிறது. சரியான ஆளிடம் சேர வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை கேள்வி. அதற்காகத் தன் வேலையை விட்டுவிட்டு என் பேருந்து நிறுத்தத்துக்கே வந்தார்.

ஜெருசலேம் அக்கா

சட்டமா ஆறுதலா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை தம்பி. நான் இங்கே ஆறு வருடமாக முதியவர் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறேன். 'சபா' என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. கழிவறையிலிருந்து வந்து கை கழுவியதும் ஒவ்வொரு முறையும் ஏதோ முணுமுணுப்பார். நான் கவனித்ததில்லை.

போன வருடம் சிறுநீர் அடைப்பு வந்து குழாய் போட்டார்கள். மூன்று வாரம். குழாயை எடுத்த அன்று அவராகவே போய்விட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கை கழுவினார். அந்த வார்த்தைகளை அன்று சத்தமாகச் சொன்னார், சொல்லும்போதே அழுதார். அவருடைய மகளிடம் பொருள் கேட்டேன். ஆஷேர் யாட்ஸார் என்று பெயராம். மனித உடலில் துவாரங்களையும் குழல்களையும் படைத்தீர், அவற்றில் ஒன்று திறந்துவிட்டாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ உம் முன் நிற்க முடியாது என்று நன்றி சொல்வது.

பிறந்ததிலிருந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை நான் போயிருப்பேன். ஒரு முறைகூட நன்றி சொன்னதில்லை.

எடிசன்வாசி

அக்கா, அதை முழுவதுமாகத் தமிழில் எழுதிப் போட முடியுமா? என் மாமனாருக்கு டயாலிசிஸ் நடக்கிறது. அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.